போதைப் பழக்கத்தில் சிக்கிய பிள்ளையை எங்கே அழைத்துப் போவது? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"நல்ல சென்டரா ஒண்ணு சொல்லுங்கக்கா."

பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைக் கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த தாய்மார்கள் பலர். முதுநகரிலிருந்து வருவார்கள், பாகூரிலிருந்து வருவார்கள். கைப்பையில் நாலைந்து விசிட்டிங் கார்டு இருக்கும். எல்லாக் கார்டிலும் சூரிய உதயப் படம். எந்த சென்டர் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, சென்டர்தானா என்பது.

என்னிடம் ஏன் வருகிறார்கள் என்றால், என் அண்ணன் மகன் பதினான்கு வயதில் என் வீட்டுக்கு வந்தான். பதின்மூன்றில் கூல் லிப் என்ற, உதட்டுக்குள் வைக்கும் புகையிலை, அப்புறம் கஞ்சா, பதினைந்தில் வலி மாத்திரை. இப்போது அவனுக்குப் பத்தொன்பது. கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளிலும் அவனோடு நடந்திருக்கிறேன். இதை அவன் படித்து, இரண்டு இடத்தில் அடிக்கச் சொல்லி, சரி என்ற பிறகுதான் வெளியே விடுகிறேன்.

## போதைக்கு முன்னால் ஒன்று இருக்கிறது

அவன் வந்த முதல் வாரம். சமையலறையில் என் கையிலிருந்து சில்வர் டம்ளர் நழுவி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கூடத்தில் பையன் இல்லை. கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான், இரண்டு கையும் தலைக்கு மேல். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி கட்டிலில் படுக்க மாட்டான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாயைப் போட்டு, வாசல் கதவு தெரிகிற மாதிரி ஒருக்களித்துப் படுப்பான்.

ஐந்து வயதிலிருந்து என் அண்ணனின் பெல்ட். அம்மா அடி வாங்குவதைத் தினம் பார்த்தது. பதினொன்றில் அவளும் போய்ச் சேர்ந்தாள். வெள்ளம், விபத்து என்று ஒரு தடவை வந்து போகிற அதிர்ச்சி வேறு. காப்பாற்ற வேண்டியவர்களே வருடக்கணக்கில் பயமுறுத்தினால் வரும் காயம் வேறு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஐசிடி-11 இதைத் தனி நோயாகவே குறித்திருக்கிறது. பழைய நிகழ்ச்சி கண்முன் வந்து போவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து இருப்பது, இந்த மூன்றோடு இன்னும் மூன்று: கோபமும் அழுகையும் கைக்குள் நிற்காதது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், யாரோடும் ஒட்ட முடியாமை. இந்தக் கடைசி மூன்றைத்தான் வீட்டில் நாம் 'திமிரு' என்று சொல்லிவிடுகிறோம்.

1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறுவயதில் அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி, தாய்மேல் வன்முறை போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுகிறது என்று கண்டது. எனக்கு அதைவிடப் புரியவைத்தது அவன் சொன்ன ஒரு வரி. "மாத்திரை போட்டா என்னடா கிடைக்குது?" என்று கேட்டேன். "சத்தம் கம்மியாவும் அத்தை" என்றான்.

போதையை மட்டும் பிடுங்கினால் அந்தச் சத்தம் திரும்பி வரும். அதனால்தான் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் எதை வைத்து ஒப்பிடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், உயிருக்கு இப்போதே ஆபத்து உண்டா? இதற்கு என்ன பொருள், எவ்வளவு நாளாக என்று தெரிய வேண்டும். தினமும் குடித்து வந்தவனோ, தூக்க மாத்திரையில் இருந்தவனோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதை வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. வலி மாத்திரை வகைகளை நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வாந்தி, பேதி, மூக்கொழுகல், தூக்கமின்மை. பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் மருத்துவர் துணையோடு தாண்டிவிடலாம். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் கெடும், எரிந்து விழுவான். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்றவற்றை முகரும் பிள்ளை என்றால் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள்: முகர்ந்துகொண்டிருக்கும்போது பிடித்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் திடுக்கிட்டாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுவிடலாம். 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை வகை இந்த முகர்வதுதான். சிறுவர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58.

இரண்டாவது, இந்த வழி அவன் பயத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்குமா? மூன்றாவது, பழைய காயத்தையும் போதையையும் ஒரே கை பார்க்குமா, அல்லது 'முதலில் இதை நிறுத்திட்டு வா, மனசை அப்புறம் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்புமா? நான்காவது, ஒரு வருடமாவது நம்மால் இதைத் தாக்குப்பிடிக்க முடியுமா? படிப்பும் ரகசியமும் ஐந்தாவது. அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்குத் 'தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு' என்பதே மறுபடி போதைக்குப் போகப் போதுமான காரணம்.

## வழி 1: தங்க வைக்கும் தனியார் மறுவாழ்வு மையம்

வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே மூச்சு விட இடம் கிடைக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் தூங்காத தாய்க்கு அது பெரிய விஷயம். பொருள் கைக்கு எட்டாது, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம்.

மறைந்திருக்கும் விலையைக் கேளுங்கள். நாங்கள் ஒரு மையத்துக்குப் போன் செய்தோம். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, நாங்களே வந்து தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். கதவு திறந்த சத்தத்திலேயே பையன் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டான். அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் ஒரு மாதம் பார்க்கக் கூடாது என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். இருபதாம் நாள் மனது கேட்காமல் போய்ப் பார்த்தபோது நாற்பது வயதுக்காரர்களோடு ஒரே அறையில் இருந்தான். மணிக்கட்டில் தழும்பு. அன்றே கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் அவன் என்னோடு பேசவில்லை.

அன்று எனக்குச் சட்டம் தெரியாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 குடியாலும் போதையாலும் வரும் மனநோயையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தங்க வைப்பது விதிவிலக்கான நிலையில் மட்டும்தான். பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல மருத்துவரோ மனநலப் பணியாளரோ வேறு மருத்துவரோ ஒருவரும், அன்றைக்கோ முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பாதுகாவலரோ அவர் நியமிக்கும் துணையாளோ முழு நாட்களும் கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல ஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலி போடுவது யாருக்குமே கூடாது. பிடித்துக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும்தான். ஆக, 'பெற்றோர் ஒரு மாசம் வரக் கூடாது' என்று சொல்லிப் பதினைந்து வயதுப் பிள்ளையைச் சேர்க்கும் இடம் அந்த வார்த்தையிலேயே சட்டத்தை மீறுகிறது. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. மாத்திரையோ ஊசியோ பழகியவன் மூன்று மாதம் தொடாமல் இருந்தால் உடம்பு தாங்கும் அளவு குறைந்துவிடும். வெளியே வந்த வாரம் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். டிஸ்சார்ஜ் நாள் கொண்டாட்ட நாள் இல்லை, காவல் நாள்.

எப்போது இது சரி? வீட்டில் அடிப்பவன் இன்னும் அதே கூரையின் கீழ் இருக்கிறான், வெளியே சிகிச்சை இரண்டு மூன்று தடவை முறிந்துவிட்டது, பிள்ளையே 'என்னைக் கொஞ்ச நாள் எங்கயாவது சேருங்க' என்கிறான். அப்போது, மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற, சிறுவர்களுக்குத் தனி இடம் உள்ள, நீங்கள் கூடவே தங்க விடுகிற மையம் கிடைத்தால் போகலாம். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச மையங்களும் உண்டு. அங்கேயும் முதலில் இவற்றைத்தான் கேட்டுப் பாருங்கள்.

## வழி 2: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு

எங்கள் பக்கத்துக்கு மூன்று வாசல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்று இருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆகியிருக்கும் மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். ஜிப்மர் ஒன்றிய அரசு நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டுக்காரர், புதுச்சேரிக்காரர் என்ற பேச்சு வாசலில் எழாது.

இங்கே பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: மருந்து தெரிந்த மனநல மருத்துவர் போதையையும் தூக்கத்தையும் பயத்தையும் ஒரே சீட்டில் எழுதிப் பார்க்கிறார். வலிப்போ மயக்கமோ வந்தால் அவசரப் பிரிவு பக்கத்திலேயே. கஞ்சா எடுக்கும் சில பிள்ளைகளுக்குக் காதில் குரல் கேட்கும், யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும். அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டியதும் இங்கேதான்.

பணம் குறைவு. நாள்தான் விலை. விடிகாலை கடலூரில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மாறி, கோரிமேட்டில் இறங்கி வரிசையில் நின்றால் திரும்பி வர மாலை ஆகும். எனக்கு அந்த வருடம் சம்பளம் இல்லாத விடுப்பு மட்டும் முப்பது நாளுக்கு மேல். போகிற வழி வேறு ஆல்பேட்டை தாண்டினதும் முள்ளோடை, கன்னியக்கோயில். வரிசையாகச் சாராயக் கடை, ஒயின் ஷாப். தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21, புதுச்சேரியில் 18. சிகிச்சைக்குப் போகிற பாதையே இப்படித்தான் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் அவனே ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு உள்பக்கம் உட்காருவான். நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

போதனா மருத்துவமனை என்பதால் ஒவ்வொரு தடவையும் வேறு இளம் மருத்துவர் இருக்கலாம். 'சொல்லுப்பா, சின்ன வயசுல என்ன ஆச்சு?' என்று மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு பக்கக் காகிதம். என்ன நடந்தது, எந்தச் சத்தம், எந்தத் தொடுகை அவனைக் கலைக்கும், எப்போதிலிருந்து எந்தப் பொருள், இப்போது என்ன மருந்து எல்லாவற்றையும் அவனும் நானும் சேர்ந்து எழுதினோம். யார் இருந்தாலும் முதலில் அதை நீட்டுவோம். ஒரு டாக்டரம்மா படித்து முடித்துவிட்டு, "இதுல இருக்கிற எதையும் நீ இன்னைக்குப் பேச வேணாம். தூக்கம் எப்படி இருக்கு, அதை மட்டும் சொல்லு" என்றார். அன்றுதான் அவன் மருந்துக் கவரைத் தன் கையால் வாங்கிக்கொண்டான்.

போலீஸ் வருமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத குடும்பங்கள் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பதினெட்டுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதையோ கொடுத்தவருக்குத்தான் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவு ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. பயப்பட வேண்டியது பள்ளிக்கூட வாசலில் கூல் லிப் விற்கும் கடைக்காரர்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுதான் முதல் வாசலாக இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. வீட்டில் நிலையாக ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

## வழி 3: தனியார் உளவியலாளர்

புதுச்சேரியில் இவர்கள் கூடுதல். அதே முகம், அதே அறை, வாரம் ஒரு மணி நேரம். ஆள் மாறாமல் இருப்பது இந்தக் காயத்துக்கு மருந்து மாதிரி. பள்ளி முடிந்து மாலையில் போகலாம், தெருவில் யாருக்கும் தெரியாது.

ஆனால் உளவியலாளர் மருந்து எழுத முடியாது. தினமும் குடிக்கும், மாத்திரை போடும் பிள்ளையை இங்கே மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே 'எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாகும்' என்பவரிடம் போக வேண்டாம். முதலில் பாதுகாப்பு, தூக்கம், படபடப்பு வந்தால் உடம்பை நிலைக்குக் கொண்டுவரும் பழக்கம். கதை அப்புறம்தான், அதுவும் பிள்ளை தயாரான பிறகு.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று. பிள்ளை பாலியல் கொடுமையைச் சொன்னால், கேட்டவர் யாராக இருந்தாலும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'ரகசியம்' என்று நம்பிச் சொன்ன பிள்ளைக்கு அது துரோகமாகத் தெரியும். எந்த விஷயம் இந்த அறைக்குள் நிற்கும், எது நிற்காது என்று முதல் நாளே அவனிடம், அவளிடம் சொல்லிவிடும் உளவியலாளர்தான் நேர்மையானவர். அப்படிப் புகார் போனாலும், வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை கேட்கும் இடத்திலோ சீருடை இல்லாமல்தான் பதிய வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி. ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

கட்டணம் வாராவாரம் சேர்ந்துகொண்டே போகும். நாங்கள் ஜிப்மரில் மருந்தும், மாதம் இரண்டு தடவை தனியாரிடம் பேச்சுமாக வைத்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே காகிதம்.

## வழி 4: ஊர் மாற்றி அனுப்புவது

'கூட்டாளிங்கதான் காரணம், பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டா சரியாயிடும்.' எல்லாக் குடும்பத்திலும் முதலில் தோன்றுவது இதுதான். அடிக்கும் கையிடமிருந்து பிள்ளையை எடுப்பதற்காக என்றால் சரி, உடனே செய்யுங்கள். என்னிடம் அவன் வந்ததும் அப்படித்தான். வேறு இடம் இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யலாம், குழந்தைகள் நலக் குழு வழியாக இடம் கிடைக்கும்.

கூட்டாளிகளிடமிருந்து பிரிப்பதற்காக மட்டும் என்றால் பலன் குறைவு. போன இடத்தில் கூட்டாளி கிடைக்க ஒரு வாரம் போதும். 'என்னை யாரும் வச்சுக்க மாட்டாங்க' என்ற பழைய எண்ணம் இன்னும் கெட்டியாகும். ஹாஸ்டல் என்றால் கேட்கவே வேண்டாம். விளக்கை அணைத்தால் தூங்க முடியாத பிள்ளை அறுபது பேர் நடுவில் என்ன செய்வான்?

வழிகளில் சேர்க்காத இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலில் கயிறு கட்டுவது: அவனே விரும்பிக் கட்டினால் தடுக்காதீர்கள், அதோடு சிகிச்சையும் நடக்கட்டும். 'குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து': வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருக்கும் மருந்து மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதோடு வீட்டுச் சோற்றின் மேலும் அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

## எந்த வழியானாலும், சறுக்கும் ராத்திரி

நிறுத்தி எட்டு மாதம் ஆன பிறகு ஒரு நாள் அவன் பதினோரு மணிக்கு வந்தான். கண் சொருகியிருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்தார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இப்படிப்பட்ட ராத்திரியில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கூப்பிட்டால் பதில் வருகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, உதடு நீலமாகிறதா. மூச்சு மெதுவானாலோ எழுப்ப முடியாவிட்டாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. சாக வேண்டும் போலப் பேசினால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இரவும் பகலும் எடுக்கும், தமிழில் பேசலாம். மற்ற எல்லாப் பேச்சும் காலையில்.

அன்று மூச்சு சீராக இருந்தது. பாயைப் போட்டேன், ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன், கூடத்து விளக்கை எரியவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் தோசை சுட்டேன். மூன்றாவது தோசையில், "எங்க வாங்கினேன்னு கேக்க மாட்டியா அத்தை?" என்றான்.

"அடுத்த ஓ.பி. வியாழக்கிழமை. டாக்டர்கிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?"

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "காகிதத்துல எழுதிக்கலாம்" என்று எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தான்.